சோலார் சார்ஜ் கன்ட்ரோலரில் சின்ன டி.சி. ஃபேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு 12 வோல்ட் பேட்டரி, ஒரு பேனல், நடுவில் சார்ஜ் கன்ட்ரோலர். இதிலிருந்து அறையின் புழுக்கத்தையோ பேட்டரிப் பெட்டியின் வாயுவையோ வெளியேற்ற ஒரு சின்ன ஃபேன் ஓட வேண்டும், அதுவும் தேவையான நேரத்தில் மட்டும். கேட்பதற்கு அரைமணி நேர வேலை மாதிரி இருக்கும். ஆனால் இந்தச் சின்ன வேலையில் ஒரு வயர் மாறினால் போதும், போவது ஃபேன் இல்லை, பேட்டரி. அதனால் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

ஃபேனை எங்கே மாட்டுவது? லோட் முனையிலா, நேராக பேட்டரியிலா?

லோட் முனையில். கன்ட்ரோலரில் பல்ப் படம் போட்ட இரண்டு டெர்மினல்கள் இருக்குமே, அவைதான்.

நேராக பேட்டரியில் மாட்டினால் ஃபேன் ஓடும், நன்றாகவே ஓடும், நிறுத்தத்தான் ஆள் இருக்காது. 0.3 ஆம்ப் இழுக்கும் ஃபேன் 24 மணி நேரம் ஓடினால் 7.2 ஆம்பியர்-மணி போய்விடும். மேகமூட்டமாக இரண்டு நாள் அமைந்தால் சின்ன பேட்டரி அடிமட்டத்துக்கு வந்துவிடும். லெட்-ஆசிட் பேட்டரி காலியாகவே கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் இறுகிப்போகும், அப்புறம் எத்தனை முறை சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. லோட் முனை இருப்பதே இதைத் தடுக்கத்தான். பல கன்ட்ரோலர்களில் பேட்டரி 11.1 வோல்ட் அளவுக்கு இறங்கியதும் லோட் துண்டிக்கப்படும், திரும்ப 12.6 வோல்ட் அளவுக்கு ஏறிய பிறகுதான் மின்சாரம் கிடைக்கும். இந்த எண்களை மாற்றிக்கொள்ளவும் பலவற்றில் வழி உண்டு.

கீழே வரும் பதில்கள் பலவற்றுக்கும் அடிப்படை இதுதான்: சுவிட்ச், டைமர், தெர்மோஸ்டாட் (வெப்பத்தைப் பார்த்து இயங்கும் சுவிட்ச்), ரிலே (உள்ளே இருக்கும் காயிலில் மின்சாரம் ஓடினால் தொடர்புகளை இழுத்து மாற்றும் சுவிட்ச்), எதைச் சேர்த்தாலும் லோட் முனைக்குப் பிறகு சேருங்கள்.

லோட் முனை ஃபேனின் ஆம்பைத் தாங்குமா?

தாங்கும். 120 மில்லிமீட்டர் பிரஷ்லெஸ் (மோட்டாரில் கார்பன் பிரஷ் இல்லாத) ஃபேன் ஒன்று பெரும்பாலும் அரை ஆம்புக்குள்தான் இழுக்கும். சின்ன கன்ட்ரோலரின் லோட் முனைகூட 5 அல்லது 10 ஆம்ப் தரும். தொடங்கும் நொடியில் ஃபேன் வழக்கத்தைவிடச் சில மடங்கு அதிகமாக இழுக்கும், அதையும் சேர்த்துப் பார்த்தாலும் இடம் மிச்சம்தான். பெரிய கூரை ஃபேன் என்றால் லேபிளைப் பாருங்கள். 4, 5 ஆம்ப் போட்டிருந்தால் தொடக்க இழுப்பில் கன்ட்ரோலர் அதை ஷார்ட் என்று நினைத்துத் துண்டிக்கலாம். அப்போது லோட் முனை ஒரு ரிலேயை மட்டும் இயக்கட்டும், ஃபேனுக்கான மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக ரிலேயின் தொடர்புக்கு வரட்டும். காயில் லோட் முனையில் இருப்பதால் பேட்டரி இறங்கியதும் ரிலே விட்டுவிடும், ஃபேனும் நிற்கும். காவல் அப்படியே இருக்கிறது. ஃபேன் ரிலேயின் என்.ஓ. முனையில், அதாவது ரிலே இழுத்தால் மட்டும் மூடும் முனையில் இருக்க வேண்டும், அது முக்கியம். ஏன் என்பது பகல் ஃபேன் கேள்வியில் வருகிறது.

மைனஸ் எல்லாம் ஒன்றுதானே? ஃபேனின் கறுப்பு வயரைப் பக்கத்தில் இருக்கும் பேட்டரி மைனஸில் சேர்த்துவிடலாமா?

கூடாது. இந்த ஒரு பதிலை மட்டுமாவது முழுதாகப் படித்துவிடுங்கள்.

விலை குறைந்த பி.டபிள்யூ.எம். (மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டிக் கொடுக்கும்) கன்ட்ரோலர்களில் பல, பிளஸ் பொதுவானவை. அதாவது பேட்டரி பிளஸ், பேனல் பிளஸ், லோட் பிளஸ் மூன்றும் உள்ளே ஒரே கம்பி, கன்ட்ரோலர் துண்டிப்பதும் இணைப்பதும் மைனஸ் பக்கத்தில் இருக்கும் மாஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) வழியாக. அப்படியிருக்க, ஃபேனின் மைனஸை பேட்டரி மைனஸில் சேர்த்தால் அந்த மாஸ்ஃபெட்டைச் சுற்றி ஒரு குறுக்குவழி போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கன்ட்ரோலர் திரையில் லோட் ஆஃப் என்று காட்டும், ஃபேன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பேட்டரி வற்றும் வரை ஓடும்.

இரும்புப் பெட்டியிலோ வண்டியிலோ மாட்டுகிறவர்களுக்கு இது தெரியாமலேயே நடக்கும். பேட்டரி மைனஸ் உலோகச் சட்டத்தில் இணைந்திருக்கும், ஃபேனின் கறுப்பு வயரையும் ஒரு திருகில் சட்டத்தோடு முடுக்கிவிடுவார்கள், அவ்வளவுதான். தெர்மோஸ்டாட் மாட்யூலுக்கு பேட்டரியிலிருந்தும் ஃபேனுக்கு லோட் முனையிலிருந்தும் மின்சாரம் கொடுத்து, இரண்டின் மைனஸையும் ஒரே கனெக்டரில் சேர்ப்பது இதே தவறின் இன்னொரு வடிவம்.

உங்கள் கன்ட்ரோலர் எந்த வகை என்று பார்க்க, எல்லா வயரையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வையுங்கள். பேட்டரி பிளஸ் டெர்மினலுக்கும் லோட் பிளஸ் டெர்மினலுக்கும் நடுவே பீப் வந்தால் பிளஸ் பொது. இரண்டு மைனஸுக்கும் நடுவே வந்தால் மைனஸ் பொது. எந்த வகையானாலும் ஃபேனின் இரண்டு வயரும் லோட் முனையின் இரண்டு டெர்மினலுக்கே திரும்பி வரும்படி மாட்டினால் தவறு நடக்க வழியே இல்லை. ஒரு மீட்டர் வயர் கூடுதலாகப் போகட்டும்.

சூடானால் மட்டும் ஓட வைப்பது எப்படி?

லோட் முனையை 24 மணி நேர நிலையில் வைத்து, அதற்குப் பிறகு ஒரு தெர்மோஸ்டாட். டபிள்யூ1209 என்று கிடைக்கும் சின்னப் பலகை இதற்குப் பொருத்தம், அதற்கான மின்சாரத்தையும் லோட் முனையிலிருந்தே எடுங்கள். பி0 அமைப்பைக் குளிர்விக்கும் நிலைக்கு, அதாவது சி எழுத்துக்கு மாற்ற மறக்காதீர்கள். எச் எழுத்தில் இருந்தால் அறை குளிர்ந்த பிறகுதான் ஃபேன் ஓடும். பி1 என்பது ஓடும் வெப்பநிலைக்கும் நிற்கும் வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளி. அதை 2 அல்லது 3 டிகிரியில் வையுங்கள். அரை டிகிரியில் வைத்தால் ரிலே டக் டக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், தொடர்புகள் சீக்கிரம் கருகும்.

எந்த வெப்பநிலையில் வைப்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். காற்றை வெளியே தள்ளும் ஃபேன், வெளிக்காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்காது. வெளியே 36 டிகிரி இருக்கும்போது உள்ளே 32 வரட்டும் என்று வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது, நாள் முழுக்க பேட்டரியைக் குடித்துக்கொண்டிருக்கும். நண்பகலில் வெளியே என்ன வெப்பம் இருக்கும் என்று பார்த்து அதைவிட 4, 5 டிகிரி கூட்டி வையுங்கள். சென்சாரையும் காற்று உள்ளே நுழையும் வழியில் தொங்கவிடாமல், சூடு சேரும் மேல்மூலையில் வையுங்கள்.

அந்தப் பலகை சும்மா இருக்கும்போதே 35 மில்லிஆம்ப் வரை எடுக்கும். ஒரு நாளைக்கு 0.84 ஆம்பியர்-மணி. பெரிய பேட்டரிக்கு இது ஒன்றுமில்லை, 7 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு எட்டில் ஒரு பங்கு. அப்படிப்பட்ட இடத்தில் இரட்டை உலோகத் தகடு வைத்த வெப்ப சுவிட்சை நான் அதிகம் விரும்புகிறேன். சூடானால் மூடும் வகையாக, 40 அல்லது 45 டிகிரிக்கு வாங்கி ஃபேனின் பிளஸ் வயரில் தொடராக வைத்தால் வேலை முடிந்தது. மின்சாரமே எடுக்காது. வெப்பநிலையை மாற்ற முடியாது, அந்த ஒரு குறைதான்.

பகலில் மட்டும் ஓட வேண்டும், ஆனால் கன்ட்ரோலரில் இரவு நிலைதானே இருக்கிறது?

ஆமாம், லோட் முனையின் தானியங்கி நிலை தெருவிளக்கை மனதில் வைத்துச் செய்தது. பேனல் வோல்டேஜ் விழுந்தால் இருட்டிவிட்டது என்று லோடை ஆன் செய்யும். ஃபேனுக்கு நமக்கு வேண்டியது நேர் எதிர்.

உடனே தோன்றும் யோசனை இது: லோடை இரவு நிலையில் வைத்து ஒரு ரிலேயை இயக்குவோம், ஃபேனை அதன் என்.சி. முனையில், அதாவது ரிலே ஓய்வில் இருக்கும்போது மூடியிருக்கும் முனையில் மாட்டுவோம், அதற்கு மின்சாரம் பேட்டரியிலிருந்து வரட்டும். இரவில் ரிலே இழுக்கும், ஃபேன் நிற்கும். பகலில் ரிலே விடும், ஃபேன் ஓடும். நானும் இப்படித்தான் ஒரு சாமான் அறைக்குச் செய்தேன், மூன்று மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிறகு தொடர்ந்து வெயில் இல்லாத ஒரு வாரம் வந்தது. ஒரு நாள் இரவில் பேட்டரி 11.1 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கிறது, கன்ட்ரோலர் தன் கடமையைச் செய்து லோடைத் துண்டித்திருக்கிறது. லோட் போனதும் ரிலே விட்டது. ரிலே விட்டதும் ஃபேன் ஓட ஆரம்பித்துவிட்டது! பேட்டரியைக் காப்பாற்ற எடுத்த நடவடிக்கையே பேட்டரியை வற்றவைத்தது. நான் பார்த்தபோது 6 வோல்ட்டுக்கும் கீழே இருந்தது, அந்த பேட்டரி அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து, மின்சாரம் போனால் என்ன நடக்கும் என்று ஒவ்வொரு ரிலேயைப் பற்றியும் கேட்டுக்கொண்ட பிறகுதான் வயரைத் தொடுகிறேன்.

சரி, வேறு என்ன வழி? ஃபேன் வெப்பத்துக்காகத்தான் என்றால் மேலே சொன்ன தெர்மோஸ்டாட்டே போதும், சூடு பகலில்தானே வருகிறது. மணிக்கணக்கு முக்கியம் என்றால் 12 வோல்ட் டைமர் ஒன்றை லோட் முனைக்குப் பிறகு வையுங்கள்.

உண்மையிலேயே வெயிலைப் பின்தொடர வேண்டும் என்றால் ரிலே காயிலைப் பேனலின் இரண்டு வயருக்கும் நடுவே மாட்டலாம், ஃபேனை லோட் முனையிலிருந்து அந்த ரிலேயின் என்.ஓ. முனை வழியாகக் கொண்டுபோகலாம். வெயில் இல்லாவிட்டாலும் நிற்கும், பேட்டரி இறங்கினாலும் நிற்கும். ஆனால் 36 செல் பேனலின் வோல்டேஜ் ஓரிடத்தில் நிற்காது. பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் சார்ஜ் செய்யும்போது பேட்டரி வோல்டேஜுக்கு இறங்கி 13 அளவில் இருக்கும், பேட்டரி நிறைந்துவிட்டால் 21 வரை எகிறும். 12 வோல்ட் காயிலுக்கு 21 வோல்ட் கொடுத்தால் மூன்று மடங்கு வெப்பம். 400 ஓம் காயில் கொண்ட சின்ன ரிலேயாக எடுத்து அதற்குத் தொடராக 150 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று வையுங்கள். 13 வோல்ட்டில் காயிலுக்கு 9.4 வோல்ட் கிடைக்கும், இழுக்க அது போதும். 21 வோல்ட்டில் 15.3 கிடைக்கும், அதையும் தாங்கும். இந்தக் கணக்கு 36 செல் பேனலுக்கு மட்டும்தான், 60 செல் பேனலுக்கு அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

ரிலேயா, மாஸ்ஃபெட்டா?

வயரிங் பழக்கம் மட்டும் உள்ளவர்களுக்கு ரிலே. காயிலும் தொடர்பும் ஒன்றையொன்று தொடாததால் பிளஸ் பொது, மைனஸ் பொது என்ற குழப்பம் வராது. காயில் எடுக்கும் மின்சாரத்தை மட்டும் கணக்கில் வையுங்கள்: சின்ன ரிலே 30 மில்லிஆம்ப் எடுக்கும், வண்டிகளில் வரும் ரிலே 150 மில்லிஆம்ப் வரை போகும். பின்னது நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தால் 3.6 ஆம்பியர்-மணி, ஃபேனே அவ்வளவு எடுக்காமல் போகலாம்.

மாஸ்ஃபெட் கேட்டில், அதாவது அதை இயக்கும் முனையில், மின்சாரம் எடுக்காது, தேய்மானமும் இல்லை. மைக்ரோகன்ட்ரோலரின் 5 வோல்ட்டில் இயக்குவதாக இருந்தால் ஐ.ஆர்.எல்.இசட்.44என் போன்ற லாஜிக் வகை வேண்டும். ஐ.ஆர்.எஃப்.540 அந்த 5 வோல்ட்டில் முழுதாகத் திறக்காது, பாதி திறந்த நிலையில் சூடாகும். கேட்டிலிருந்து சோர்ஸுக்கு 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று கட்டாயம், இல்லையென்றால் கன்ட்ரோல் வயர் கழன்ற நேரத்தில் ஃபேன் தானாக ஓடும்.

டயோடு போட வேண்டுமா, எந்தத் திசையில்?

ரிலே காயிலுக்குக் கட்டாயம், கார்பன் பிரஷ் உள்ள மோட்டாருக்கும் கட்டாயம். காயிலில் ஓடும் மின்சாரத்தை வெட்டும் கணத்தில் எதிர்த்திசையில் ஒரு பெரிய வோல்டேஜ் எழும், அது மாஸ்ஃபெட்டைக் கொல்லும். டயோடின் கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். மாற்றிப் போட்டால் ஷார்ட். சின்ன காயிலுக்கு 1என்4007 போதும், 3 ஆம்ப் மோட்டாருக்கு 1என்5822. பிரஷ்லெஸ் ஃபேனுக்குள் அதன் சர்க்யூட்டே இதைப் பார்த்துக்கொள்ளும், இருந்தாலும் ஒன்று போட்டால் நஷ்டமில்லை.

12 வோல்ட் ஃபேன் 14.4 வோல்ட்டைத் தாங்குமா?

லேபிளில் 12 என்று இருந்தாலும், சார்ஜ் ஏறும் நேரத்தில் லோட் முனையில் 14.4 வரும், சமன்படுத்தும் சார்ஜில் இன்னும் கொஞ்சம் மேலே. கம்ப்யூட்டர் ஃபேன்கள் பலவற்றுக்கு உச்சவரம்பு 13.2 அல்லது 13.8 வோல்ட்தான். உடனே புகையாது. வேகமாகச் சுற்றும், சத்தம் கூடும், பேரிங் ஆயுள் குறையும். வருடக்கணக்கில் ஓட வேண்டிய ஃபேன் என்றால் 9 முதல் 15 வோல்ட் வரை தாங்குவதாகக் குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள், அல்லது லோட் முனைக்குப் பிறகு ஒரு பக் கன்வர்ட்டர் (வோல்டேஜை இறக்கிக் கொடுக்கும் சின்னப் பலகை) வையுங்கள்.

எனக்குப் பிடித்தது பக் கன்வர்ட்டர். அதை 12க்கு வைக்காமல் 9, 10 வோல்ட்டுக்கு இறக்கிப் பாருங்கள். ஃபேன் எடுக்கும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும், அதாவது வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சக்தி ஏறக்குறைய பாதியாகிவிடும். காற்று கொஞ்சம்தான் குறையும், பேட்டரிச் செலவு பாதி, சத்தமும் அடங்கும். ரொம்ப இறக்கிவிடாதீர்கள், 12 வோல்ட் ஃபேன்கள் பல 6, 7 வோல்ட்டுக்குக் கீழே தொடங்கவே தொடங்காது.

பி.டபிள்யூ.எம். வைத்து வேகத்தைக் குறைத்தால் ஃபேன் முனகுகிறது, ஏன்?

இரண்டு வயர் பிரஷ்லெஸ் ஃபேனுக்குள் ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறது. அதன் மின்சாரத்தையே வெட்டி வெட்டிக் கொடுத்தால் அது ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கும். வேகக் கட்டுப்பாடு வேண்டும் என்றால் பக் கன்வர்ட்டர், அல்லது நான்கு வயர் ஃபேன். நான்காவது வயருக்கு 25 கிலோஹெர்ட்ஸ் சிக்னல் கொடுக்க வேண்டும், மின்சாரம் வெட்டுப்படாமல் வந்துகொண்டிருக்கும்.

24 வோல்ட் சிஸ்டத்தில் இரண்டு 12 வோல்ட் ஃபேனைத் தொடராக மாட்டலாமா?

வேண்டாம். பிரஷ்லெஸ் ஃபேன்கள் வோல்டேஜைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளாது. ஒன்று முதலில் தொடங்கும், ஒன்றில் தூசி அடைத்து மெதுவாகும், வோல்டேஜ் ஒரு பக்கம் சாயும். 24 வோல்ட் ஃபேன் வாங்குங்கள். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது அதைவிட மோசம், அந்த பேட்டரி எப்போதும் பாதி வயிற்றோடு இருக்கும்.

ஃபேனை நேராகப் பேனலில் மாட்டினால் கன்ட்ரோலரே வேண்டாமே?

12 வோல்ட் பேனல் என்று சொல்வதன் திறந்த வோல்டேஜ் 21, 22 வரை. காலை வெயிலில் அது கம்ப்யூட்டர் ஃபேனை எரித்துவிடலாம். பேனலுக்கென்றே செய்த ஃபேன், அல்லது நடுவில் ஒரு பக் கன்வர்ட்டர் என்றால் சரி. மேகம் வந்தால் நிற்கும், அது பரவாயில்லை என்றால் நல்ல வழிதான். கன்ட்ரோலர் ஏற்கெனவே மாட்டியிருக்கும் பேனலிலிருந்து கிளை எடுத்து ஃபேனை ஓட்டுவது மட்டும் வேண்டாம்.

வயரும் ஃப்யூஸும்?

ஃப்யூஸ் காப்பது வயரை, ஃபேனை அல்ல. பேட்டரி பிளஸுக்கு மிக அருகில் கன்ட்ரோலருக்கான ஃப்யூஸ் ஒன்று, ஃபேன் வயரில் 1 அல்லது 2 ஆம்ப் ஃப்யூஸ் ஒன்று. 0.3 ஆம்ப் ஃபேனுக்கு அரை சதுர மில்லிமீட்டர் வயரே போதும். 2 ஆம்ப் ஃபேன் 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர், அரை சதுர மில்லிமீட்டரில் 0.7 வோல்ட் வழியிலேயே போய்விடும், ஒன்றரையில் கால் வோல்ட்தான் போகும்.

பேட்டரிப் பெட்டிக்கு ஃபேன் வைக்கிறேன். தனியாகக் கவனிக்க ஏதாவது?

உண்டு. தண்ணீர் ஊற்றும் லெட்-ஆசிட் பேட்டரி, 14.4 வோல்ட் பக்கம் போகும்போது நன்றாகவே ஹைட்ரஜன் விடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். அதனால் ரிலே, சுவிட்ச், கன்ட்ரோலர் எதுவும் பெட்டிக்குள் இருக்கக் கூடாது. ஃபேன் பிரஷ்லெஸாக இருக்க வேண்டும். அதையும் வாயு வெளியேறும் வழியில் வைக்காமல், கீழ்ப்பக்கம் வைத்து வெளிக்காற்றை உள்ளே தள்ளும்படி திருப்புங்கள், வாயு மேல் துளை வழியாகப் போகட்டும். ஹைட்ரஜன் காற்றைவிட மிகவும் லேசானது, தானாகவே மேலே ஏறும். மேலும் கீழும் துளை நன்றாக இருந்தால் ஃபேன் பழுதானாலும் காற்றோட்டம் கொஞ்சம் நடக்கும். துளையில்லாத பெட்டியை ஃபேனை மட்டும் நம்பி விடாதீர்கள்.

இந்த ஃபேனுக்கு வெப்பநிலை அளவுகோல் இல்லை, வோல்டேஜ்தான். 13.8ல் ஓடி 13.2ல் நிற்கும்படி அமைக்கக்கூடிய வோல்டேஜ் ரிலே மாட்யூலை லோட் முனைக்குப் பிறகு வைத்தால், சார்ஜ் ஏறும்போது மட்டும் ஓடும்.

லித்தியம் பேட்டரி என்றால் ஏதாவது மாறுமா?

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு 11.1 வோல்ட் மிகவும் தாமதம். அதன் வோல்டேஜ் கடைசிவரை 13 பக்கத்தில் நின்றுவிட்டுச் சட்டென்று சரியும். துண்டிக்கும் அளவை 12 வோல்ட் பக்கம் வையுங்கள், கன்ட்ரோலரில் பேட்டரி வகையையும் மாற்றுங்கள்.

ஃபேன் ஓடி ஓடி நிற்கிறது, எங்கே தேடுவது?

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை என்று பாருங்கள். நொடிக்கு நொடி என்றால் ஷார்ட் அல்லது அதிக இழுப்பு, கன்ட்ரோலர் துண்டித்துத் துண்டித்து முயல்கிறது. நிமிடக் கணக்கில் என்றால் தெர்மோஸ்டாட்டின் இடைவெளி குறைவு. காலையில் ஓடி மாலையில் நின்று, மறுநாள் வெயில் வந்த பிறகுதான் எழுகிறது என்றால் அது குறைந்த வோல்டேஜ் துண்டிப்பு, பேனல் போதவில்லை அல்லது பேட்டரி தளர்ந்துவிட்டது. ஓடவே இல்லை என்றால், மீட்டரை எடுப்பதற்கு முன்னால் கன்ட்ரோலரில் இருக்கும் லோட் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள், யாராவது அதை ஆஃப் செய்திருக்கலாம். அதன் பிறகு லோட் முனையில் வோல்டேஜ், ஃப்யூஸின் இரு பக்கம், ஃபேன் முனை என்று வரிசையாக அளந்துகொண்டே போனால் எங்கே காணாமல் போகிறதோ அங்கேதான் பழுது.

எதை முதலில் இணைப்பது?

பேட்டரி முதலில், அதைப் பார்த்துத்தான் கன்ட்ரோலர் 12ஆ 24ஆ என்று முடிவு செய்கிறது. பிறகு பேனல், கடைசியில் ஃபேன். கழற்றும்போது ஃபேன், பேனல், பேட்டரி.